வாசனை மன்னர் கோட்டி

கார்சிகா தீவின் அநாதைப் பையன், உலகத்துக்கு அம்பர் மணத்தைச் சீசாவில் அடைத்துக் கொடுத்த கதை

வெள்ளிக்கிழமை மாலை. விளக்கு வைக்கும் நேரம். புதுக்கோட்டை கீழராஜ வீதியில் நடந்து போகிறோம். கடைக்காரர் ஒருவர் தூபக்காலில் தணலை ஊதிவிட்டு, ஒரு சிட்டிகை சாம்பிராணியைத் தூவுகிறார். குபுகுபுவென்று புகை எழும்புகிறது.

அந்த வாசனையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். முதலில் மூக்கை லேசாக நெருடும். பிறகு இனிக்கும். வெல்லப்பாகு காய்ச்சும் அடுப்பங்கரை நினைவுக்கு வரும். பட்டுப் புடவை வைத்த பழைய மரப்பெட்டியைத் திறந்தது போல இருக்கும். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டித் தலைக்குப் புகை காட்டும் பாட்டியின் மடி நினைவுக்கு வரும்.

மல்லிகையின் மணம் குளிர்ச்சியானது. எலுமிச்சையின் மணம் சுறுசுறுப்பானது. சாம்பிராணியின் மணமோ வெதுவெதுப்பானது. பனிக்காலத்தில் போர்வையைப் போர்த்திக் கொண்டது போன்ற சுகம் அதில் இருக்கிறது.

இதே வெதுவெதுப்பான மணத்துக்கு மேல்நாட்டு சென்ட் வியாபாரத்தில் ஒரு பெயர் உண்டு. அம்பர் என்பது அந்தப் பெயர். நம் ஊர் அத்தர் கடைகளிலும் அம்பர் என்று கேட்டால் ஒரு சின்னச் சீசாவை எடுத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டுத் தேய்த்துக் காட்டுவார்கள்.

இந்த மணத்தைப் பணக்காரர் மாளிகையிலிருந்து சாதாரணக் குடும்பத்துப் பெண்ணின் மேஜைக்குக் கொண்டு வந்தவர்களில் முதன்மையானவர் ஒரு பிரெஞ்சுக்காரர். பெற்றோரை இழந்த பையனாக வளர்ந்தார். கோடீஸ்வரர் ஆனார். கடைசியில் எல்லாவற்றையும் சிதற விட்டார். அவர் பெயர் பிரான்சுவா கோட்டி.

தீவில் பிறந்தார்

மத்தியதரைக் கடலில் கார்சிகா என்று ஒரு தீவு இருக்கிறது. அதன் தலைநகர் அஜாக்சியோ. மாவீரன் நெப்போலியன் பிறந்த ஊர் அது. அதே ஊரில் 1874-ம் ஆண்டு மே மாதம் 3-ந் தேதி கோட்டி பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜோசப் மேரி பிரான்சுவா ஸ்பொடூர்னோ.

சிறு வயதிலேயே தாயும் தந்தையும் இறந்து போனார்கள். பையனைப் பாட்டி எடுத்து வளர்த்தார். தீவை விட்டு பிரான்ஸ் நாட்டின் துறைமுகப் பட்டினமான மார்செய்க்குப் போனார்கள்.

கார்சிகா மலைகள் வாசனைக்குப் பெயர் பெற்றவை. கல்லும் முள்ளுமான சரிவுகளில் சிஸ்டஸ் என்ற புதர்ச் செடி வளர்கிறது. கோடை வெயில் ஏற ஏற, அதன் இலையிலிருந்து பிசின் கசியும். தீவை நெருங்கும் கப்பலுக்குக் கரை தெரிவதற்கு முன்பே தீவின் மணம் வந்துவிடும் என்று மாலுமிகள் சொல்வது வழக்கம்.

அந்தப் பிசினுக்கு லாப்டனம் என்று பெயர். அதைச் சேகரித்த விதம் வேடிக்கையானது. ஆடுகள் புதருக்குள் புகுந்து மேயும்போது தாடியிலும் மயிரிலும் பிசின் ஒட்டிக் கொள்ளும். இடையர்கள் அதைச் சீப்பால் வாரி எடுப்பார்கள். 2,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க ஆசிரியர் ஹெரோடோட்டஸ் இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்.

ஆட்டுத் தாடியில் ஒட்டிய இந்தப் பிசின்தான் பிற்காலத்தில் அம்பர் சென்ட்டின் உயிர்நாடி ஆயிற்று.

அம்பர் என்றால் என்ன?

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்ள வேண்டும். அம்பர் என்ற பெயரில் மூன்று பொருள்கள் உண்டு.

முதலாவது, திமிங்கலத்திலிருந்து கிடைப்பது. ஒருவகைத் திமிங்கலத்தின் குடலில் மெழுகு போன்ற கட்டி உண்டாகும். அது வெளியேறிக் கடலில் பல காலம் மிதந்து, வெயிலும் உப்பும் பட்டுக் கரை ஒதுங்கும்போது அருமையான மணம் பெற்றிருக்கும். அரபு வணிகர்கள் அதைப் பொன்னுக்கு நிகராக விற்றார்கள். இந்தியாவில் அந்தத் திமிங்கலம் 1972-ம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கிறது. ஆகவே அந்தக் கட்டியை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம்.

இரண்டாவது, மரப்பிசின் மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்து இறுகிய மஞ்சள் நிறக் கல். மணியாகக் கோத்துக் கழுத்தில் போடுவார்கள். சென்ட்டுக்கு ஆகாது.

மூன்றாவதுதான் நம் கதைக்கு உரியது. அது ஒரே பொருள் அல்ல, ஒரு கூட்டு. லாப்டனம் பிசின், சாம்பிராணி, வனிலா ஆகிய மூன்றும் சேர்ந்தால் பிறக்கும் மணம் அது. திமிங்கல அம்பரின் நினைவாலும், பொன் மஞ்சள் நிறத்தாலும் அதற்கு அம்பர் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இதில் சேரும் சாம்பிராணி, மலாக்கா சாம்பிராணி என்று நாம் சொல்லும் சரக்கு. சுமத்ரா, சயாம், லாவோஸ் காடுகளில் மரப்பட்டையைக் கீறி எடுப்பது. ஆஸ்பத்திரியில் காயத்துக்குத் தடவும் டிங்சர் பென்சாயினும் இதிலிருந்துதான் தயாராகிறது. அந்த மருந்தின் வாசனை இனிப்பாக இருப்பதன் காரணம் இப்போது புரியும்.

வனிலாவோ ஐஸ்கிரீம் சாப்பிட்ட குழந்தைகள் எல்லாருக்கும் தெரிந்த மணம். அது மெக்சிகோ நாட்டுக் கொடி ஒன்றின் காய். அக்காலத்தில் விலை மிக அதிகம். 1874-ல் ஜெர்மனி நாட்டு ரசாயன அறிஞர்கள் இருவர், பைன் மரச் சாற்றில் இருந்த ஒரு பொருளைக் கொண்டு வனிலாவின் மணச் சத்தை உண்டாக்கினார்கள். கோட்டி பிறந்த அதே ஆண்டில், அவருடைய செல்வத்துக்கு வழி செய்யும் ஒரு பொருளும் பிறந்தது!

பாரிஸுக்கு வந்தார்

இளைஞர் ஸ்பொடூர்னோ ராணுவத்தில் சேவை முடித்தார். கையில் காசில்லை. ஆனால் பேச்சுத் திறமை இருந்தது. கார்சிகாவைச் சேர்ந்த எம்மானுவேல் அரேன் என்ற அரசியல்வாதியின் தயவு கிடைத்தது. அவருக்குக் காரியதரிசியாகப் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். 1900-ம் ஆண்டில் இவோன் என்ற பெண்ணை மணந்து கொண்டார்.

அவருக்கு மருந்துக்கடைக்காரர் ஒருவர் நண்பராக இருந்தார். அக்காலத்து மருந்துக்கடைகளில் வாசனைத் தண்ணீரும் கலந்து விற்பார்கள். பொழுதுபோக்காக அங்கே போன இளைஞர், தாமும் கலந்து பார்த்தார். அவருடைய மூக்கு சாதாரண மூக்கு அல்ல என்பது நண்பருக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தொழிலையே கற்றுக்கொள் என்று ஊக்கினார்.

கற்க வேண்டுமானால் எங்கே போவது? அதற்கு உலகத்தில் ஒரே ஊர்தான் இருந்தது. தெற்கு பிரான்சில் மலைமேல் இருக்கும் கிராஸ்.

பூக்களின் ஊர்

கிராஸ் ஒரு காலத்தில் தோல் பதனிடும் ஊர். தோலின் நாற்றத்தை மறைக்கக் கையுறைகளுக்கு வாசனை ஏற்றினார்கள். நாளடைவில் கையுறை போயிற்று, வாசனை நின்றது. ரோஜாவும் ஜாதிமல்லியும் வயல் வயலாகப் பயிரானது. அதிகாலையில் பெண்கள் பூப்பறித்துக் கூடை கூடையாக ஆலைக்கு அனுப்பினார்கள். இப்போது நம் தமிழ்நாட்டு ஜாதிமல்லியிலிருந்தும் குண்டுமல்லியிலிருந்தும் சத்து எடுத்துப் பிரான்ஸ் நாட்டு சென்ட் கம்பெனிகளுக்கு அனுப்புகிறார்கள் என்பது நாம் மகிழ வேண்டிய செய்தி.

கிராஸில் சிரிஸ் என்பவர்களின் பெரிய ஆலை இருந்தது. அங்கே கோட்டி தொழில் பழகினார். கொழுப்பைப் பூசிய கண்ணாடித் தட்டில் பூவை அடுக்கி மணத்தை உறிஞ்ச வைப்பது ஒரு முறை. ஆவியில் வடிப்பது ஒரு முறை. ரசாயன திரவத்தில் ஊற வைத்து எடுப்பது புது முறை. எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து, மூக்கால் கற்றார்.

அவர் கற்ற முக்கியமான பாடம் இதுதான். ஒரு சென்ட்டில் மூன்று படி உண்டு. ஆரஞ்சு, எலுமிச்சை போன்றவை முதல் படி. தடவியதும் வீசும், சில நிமிஷத்தில் பறந்து விடும். பூக்கள் இரண்டாம் படி. சில மணி நேரம் தங்கும். பிசின்களும் வனிலாவும் மூன்றாம் படி. அவை மெதுவாக எழும். ஆனால் மறுநாள் காலையிலும் சட்டையில் இருக்கும். அம்பர் அந்த மூன்றாம் படியைச் சேர்ந்தது. ஆர்ப்பாட்டம் இல்லாமல் வந்து, எல்லாரும் போன பிறகும் இருந்து கொண்டிருக்கும்.

நம் மன்னர் வாழ்ந்த இடம்

கிராஸ் மலையிலிருந்து இறங்கினால் சில மைல் தூரத்தில் கடற்கரை. அங்கே கேன்ஸ் என்ற நகரம். புதுக்கோட்டைக்காரர்களுக்கு அந்த ஊர் அந்நியம் அல்ல.

புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1915-ல் ஆஸ்திரேலியாவில் மோலி பிங்க் என்ற பெண்ணைக் காதலித்து மணந்தார். ஆங்கில அரசு அவரை ராணியாக ஏற்க மறுத்தது. 1916-ல் அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். அவனுக்கும் பட்டம் இல்லை என்றார்கள். மன்னர் நாட்டைவிட மனைவியே பெரிதென்று வெளியேறினார். கடைசி ஆண்டுகளில் அவர் மனைவி மகனோடு குடியிருந்தது இந்தக் கேன்ஸ் நகரில்தான். 1928-ல் பாரிஸில் காலமானார். உடல் சொந்த மண்ணுக்கு வரவில்லை. லண்டனில் தகனம் நடந்தது.

நம் மன்னர் கேன்ஸில் வாழ்ந்த அந்த நாட்களில், பிரான்ஸ் முழுவதும் கோட்டியின் பெயர் கொடி கட்டிப் பறந்தது. அந்த நிலைக்கு அவர் எப்படி வந்தார் என்று பார்ப்போம்.

சீசா உடைந்தது

கற்று முடித்த இளைஞர், கடன் வாங்கிய பணத்தோடு பாரிஸுக்குத் திரும்பினார். ஸ்பொடூர்னோ என்ற பெயர் வாயில் நுழையவில்லை. தாயார் பிறந்த வீட்டுப் பெயர் கோட்டி. அதையே கம்பெனிக்கும் தமக்கும் சூட்டிக்கொண்டார்.

சிறிய வீட்டிலேயே தயாரிப்பு. ரோஜா மணம் கொண்ட முதல் சென்ட்டோடு கடை கடையாக ஏறி இறங்கினார். யாரும் வாங்கவில்லை. பெயர் தெரியாத ஆசாமியின் சரக்கை வைத்து என்ன செய்வது என்று கை விரித்தார்கள்.

1904-ம் ஆண்டு. பாரிஸில் லூவர் என்ற பிரம்மாண்டமான பலசரக்கு மாளிகை. அங்கேயும் மறுத்து விட்டார்கள். அப்போது நடந்ததை இன்றும் கதையாகச் சொல்கிறார்கள். கோட்டியின் கையிலிருந்த சீசா மேஜைமேல் விழுந்து உடைந்தது. வாசனை கடை முழுவதும் பரவியது. சாமான் வாங்க வந்த பெண்கள் எல்லாம் அந்த மேஜையைச் சூழ்ந்து கொண்டார்கள். இது என்ன சென்ட், எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். கொண்டுவந்த சரக்கு முழுவதும் சற்று நேரத்தில் விற்றுப் போயிற்று. மறுத்தவர்களே மறுபடி கூப்பிட்டு இடம் கொடுத்தார்கள்.

சீசா கை தவறி விழுந்ததா, வேண்டுமென்றே விழுந்ததா? வேண்டுமென்றேதான் என்று பலர் சொல்கிறார்கள். எப்படி இருந்தாலும், மூடிய சீசாவுக்குள் இருக்கும் மணத்தை யாரும் வாங்க மாட்டார்கள் என்ற உண்மையை அவர் கற்றுக்கொண்டார்.

ஏழைக்கும் ஒரு சொட்டு

அதற்குமுன் சென்ட் என்பது சீமாட்டிகளின் சொத்து. பெரிய சீசா, பெரிய விலை. கோட்டி ஒரு புது வழி கண்டார். அதே சரக்கைச் சின்னச் சீசாக்களிலும் அடைத்தார். பவுடர், சென்ட், சோப்பு எல்லாவற்றுக்கும் ஒரே மணம் கொடுத்துப் பெட்டியாகக் கட்டினார். மாதச் சம்பளக்காரர் மனைவிக்குப் பிறந்த நாள் பரிசாக வாங்கிக் கொடுக்க முடிந்தது. கடையில் வேலை செய்யும் பெண்ணும் தன் கூலியில் வாங்க முடிந்தது.

கண்ணுக்கும் விருந்து வேண்டும் என்று கருதினார். ரெனே லாலிக் என்ற பெரிய நகைக் கலைஞர் அவருடைய கடைக்குப் பக்கத்தில் இருந்தார். அவரிடம் போய்ச் சீசாக்களை வரைந்து தரச் சொன்னார். நகை செய்தவர் கண்ணாடி செய்யத் தொடங்கினார். பிற்காலத்தில் லாலிக்கின் கண்ணாடிக்கு உலகப் புகழ் வந்தது.

இந்தக் காலத்தில்தான் கோட்டி பழமையான அம்பர் என்ற பொருள்படும் பெயரில் ஒரு சென்ட்டை வெளியிட்டார். அதன் சீசாவைச் சுற்றிப் பழைய கிரேக்கப் பெண்களின் உருவங்களை லாலிக் அமைத்தார். சூடும் இனிப்பும் கலந்த அந்த மணம், பூ வாசனையையே முகர்ந்து பழகியவர்களுக்குப் புதுமையாக இருந்தது. பூ தோட்டத்தை நினைவூட்டும். இது வீட்டை நினைவூட்டியது. பிசின், மரம், தேன், அடுப்புத் தணல் எல்லாம் சேர்ந்த மணம்.

1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் மனைவிக்கும் தாய்க்கும் கோட்டி சென்ட் வாங்கிப் போனார்கள். அதோடு அமெரிக்காவிலும் வியாபாரம் கொழித்தது. 1921-ல் எமரோட் என்ற அம்பர் வகை சென்ட்டை வெளியிட்டார். 1925-ல் கெர்லேன் என்ற மற்றொரு கம்பெனி, நம் நாட்டு மொகலாயர் தோட்டத்தின் பெயரால் ஷாலிமார் என்ற சென்ட்டைப் பாரிஸ் கண்காட்சியில் வைத்தது. அதுவும் அம்பர் மணமே. இன்றும் விற்பனை ஆகிறது. இவ்வகை மணங்களுக்குக் கீழை நாட்டு மணம் என்றே மேல்நாட்டார் பெயர் வைத்திருந்தார்கள். அண்மை ஆண்டுகளில்தான் அந்தப் பெயரை மாற்றி அம்பர் வகை என்று அழைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

பணம் வந்தது, நிம்மதி போயிற்று

கோட்டி பிரான்ஸ் நாட்டின் பெரும் செல்வந்தர்களில் ஒருவர் ஆனார். அரண்மனைகளை வாங்கினார். இடித்து இடித்துக் கட்டினார். மூக்கால் உலகத்தை வென்றவருக்கு, நாட்டையும் தம் பேச்சுக்கு ஆட வைக்க வேண்டும் என்ற ஆசை பிறந்தது.

1922-ல் பிகாரோ என்ற புகழ் பெற்ற பத்திரிகையை வாங்கினார். 1928-ல் மக்களின் நண்பன் என்ற பொருளுள்ள பெயரில் மலிவு விலைத் தினசரி ஒன்றைத் தொடங்கினார். பெயர்தான் நண்பன். பத்திரிகை நிறையப் பகை இருந்தது. யூத மக்கள்மீது அவர் வெறுப்பைக் கக்கினார். இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியைப் போல ஆட்சி வேண்டும் என்ற கூட்டங்களுக்குப் பணத்தை வாரி இறைத்தார். அவதூறு வழக்கில் கோர்ட்டு அவரைக் குற்றவாளி என்று சொன்னது.

வீட்டிலும் விரிசல். கஷ்ட காலத்தில் கூட இருந்த மனைவி இவோனைப் புறக்கணித்தார். 1929-ல் விவாகரத்து ஆயிற்று. மனைவிக்குப் பெருந்தொகை கொடுக்க ஒப்புக்கொண்டார். அதே ஆண்டில் அமெரிக்காவின் பங்கு மார்க்கெட் சரிந்து உலகமெங்கும் வியாபாரம் படுத்துவிட்டது. பத்திரிகைகளோ பணத்தை விழுங்கிக் கொண்டே இருந்தன. ஒப்புக்கொண்ட தவணைகளைக் கட்ட முடியவில்லை. வழக்கு நடந்தது. பிகாரோ பத்திரிகை உட்பட சொத்தில் பெரும்பகுதி மனைவியின் கைக்குப் போயிற்று.

1934-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி, பாரிஸுக்கு அருகே லூவ்சியென் என்ற ஊரில் இருந்த மாளிகையில் கோட்டி காலமானார். அப்போது அவருக்கு வயது 60. மாளிகை பெரிது. ஆனால் செல்வமும் செல்வாக்கும் முன்னமே வெளியேறியிருந்தன.

எது நின்றது?

நம் மன்னரும் கோட்டியும் சில ஆண்டு இடைவெளியில் பிரான்ஸ் நாட்டில் கண் மூடினார்கள். ஒருவர் மனைவிக்காக நாட்டைத் துறந்தார். மற்றவர் நாட்டை ஆட்டிப் படைக்க ஆசைப்பட்டு, மனைவியையும் இழந்தார். இருவர் கதையையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஏதோ புரிகிறது.

கோட்டியின் வாழ்க்கையே ஒரு சென்ட்டைப் போலத்தான். பணமும் பதவி ஆசையும் முதல் படி வாசனை. குப்பென்று வீசிப் பறந்துவிட்டன. பத்திரிகையில் கக்கிய பகையை இன்று யாரும் மெச்சுவதில்லை. ஆனால் உழைக்கும் பெண்ணின் கையிலும் ஒரு சொட்டு நல்ல மணம் இருக்க வேண்டும் என்று அவர் செய்த வேலை நின்றுவிட்டது. அவர் பெயரில் கம்பெனி இன்றும் நடக்கிறது. சின்னச் சீசா இன்று எல்லா ஊர்க் கடைகளிலும் இருக்கிறது.

அம்பர் மணத்தின் கவர்ச்சியும் அதுவே. அது முந்திக்கொண்டு வராது. எதிரே வருபவரின் மூக்கில் இடிக்காது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். இரவு கழற்றிப் போட்ட சட்டையை மறுநாள் எடுத்தால் இன்னும் மணக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டில் சாம்பிராணி போடும்போது குழந்தைகளைக் கூப்பிட்டு இந்தக் கதையைச் சொல்லுங்கள். புகை அடங்கி அரை மணி நேரம் கழித்துத் திரைச்சீலையை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அம்பரில் ஒரு பங்கு அங்கே தங்கியிருக்கும்.